எட்டு சதவிகிதமும் ஒரு சிவப்புப் பென்சிலும்

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை. காலைக் காப்பியோடு பத்திரிகையைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு சுப செய்தி. முடிந்துபோன 2023-24-இல் நம் நாட்டின் பொருளாதாரம் 8.2 சதவிகிதம் வளர்ந்துவிட்டதாம். உலகத்தின் பெரிய நாடுகளுக்குள் இவ்வளவு வேகமாக வேறு எதுவும் வளரவில்லையாம். கல்லூரியில் மூன்று வருஷம் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஏதோ அந்த எட்டில் அரை சதவிகிதத்தை நானே வளர்த்துக் கொடுத்தாற்போல.

அந்தப் பெருமை மாடிப்படி வரையில்தான் நீடித்தது. மேல் வீட்டு அக்கா பால் பாக்கெட்டுடன் ஏறிக்கொண்டிருந்தவர், என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, நீ பத்திரிகையிலேதானே வேலை பார்க்கிறே? எட்டு சதவிகிதம்னு போட்டிருக்கே, அது யார் வீட்டுக்குப் போச்சு? என் நோட்டிலே வந்ததாத் தெரியலையே!"

இந்த நோட்டைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் அது பிரசித்தம். அக்காவுக்குக் கல்யாணமான மாதத்திலிருந்து வரவும் செலவும் ஒரு காசு விடாமல் எழுதி வருகிறார். வருஷத்துக்கு ஒரு நோட்டு. வரவு நீலப் பேனா, செலவு கறுப்புப் பேனா. கடன் என்றால் மட்டும் சிவப்புப் பென்சில். அவர் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஆனால் வீட்டுக் கணக்கில் அவருக்கு வாய் கிடையாது.

அன்று மாலை அந்த நோட்டுகளை எனக்குக் காட்டினார். சமையல் காஸ் சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாய். 2023-ஆம் வருஷ மத்தியில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் சர்க்கார் 200 ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைத்து 818 ரூபாய் 50 காசு ஆயிற்று. குறைத்தபோதெல்லாம் செய்தி வந்தது. "610-இலேயிருந்து பார்த்தா இது குறைஞ்சதா, ஏறினதா?" என்று அக்கா கேட்டார். பட்டதாரியான நான் பதில் சொல்லவில்லை.

2023 ஜூலைப் பக்கத்தில் தக்காளி என்ற வார்த்தைக்கு எதிரே ஓர் ஆச்சரியக்குறி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சென்னையில் சர்க்காரே ரேஷன் கடைகளில் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்த மாதம் அது. அந்த ஒரு மாதத்தில் தேசம் முழுவதும் விலைவாசி உயர்வு 7.44 சதவிகிதத்துக்குப் போயிற்று.

இவற்றையெல்லாம் புரட்டிக்கொண்டே வந்தவள், 2024 ஜூன் பக்கத்தில் நின்றுவிட்டேன். புதிய பக்கம்; இரண்டே வரிகள்தான் எழுதியிருந்தன. முதல் வரி கறுப்பில்: பையன் காலேஜ், 1,20,000. இரண்டாவது வரி சிவப்பில்: சங்கிலி, பாங்கு.

அக்காவின் கழுத்தை அப்போதுதான் கவனித்தேன். மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

கணக்கில் வராத சங்கிலி

வாசகிகளே, அந்த 8.2-க்கும் இந்தச் சங்கிலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

தேசத்தின் மொத்த உற்பத்தி என்று சொல்கிறோமே, அது ஒரு வருஷத்தில் நாட்டுக்குள் உண்டான பொருள்களுக்கும் செய்த வேலைகளுக்கும் போட்ட மதிப்பு. அக்காவின் பையன் சேர்ந்த கல்லூரி வாங்கிய 1,20,000 ரூபாய் அதில் ஒரு துளி. கல்லூரி பாடம் நடத்துகிறது, அது உற்பத்தி. நியாயம்தான். ஆனால் அந்தப் பணம் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததா, அடகு வைத்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதைக் கேட்பது அதன் வேலையுமல்ல. ஃபீஸ் கணக்கில் ஏறிவிடுகிறது. சங்கிலி பாங்கின் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த வருஷம் அசலும் வட்டியும் கட்டும்போது அந்த வீட்டில் எந்தச் செலவு குறையப் போகிறதோ, அதுவும் இந்த வருஷத்துக் கணக்கில் தெரியாது.

அந்த 8.2-ஐ வெளியிட்ட அதே கணக்கில் இன்னோர் எண்ணும் இருந்தது. அதற்குக் கொட்டை எழுத்து கிடைக்கவில்லை. குடும்பங்கள் செய்யும் செலவு, அதாவது நீங்களும் நானும் அரிசிக்கும் துணிக்கும் பஸ்ஸுக்கும் டாக்டருக்கும் கொடுப்பது, அந்த வருஷம் 4 சதவிகிதம்தான் கூடியிருந்தது. தேசத்தின் மொத்தத்தில் நூற்றுக்கு அறுபது போல இருப்பது இந்தச் செலவுதான். பிற்பாடு 2025 பிப்ரவரியில் புள்ளிவிவரக்காரர்கள் இரண்டையும் திருத்தி, 9.2 என்றும் 5.6 என்றும் போட்டார்கள். இரண்டும் ஏறின, நடுவிலிருந்த இடைவெளி அதிகம் சுருங்கவில்லை.

சரி, செலவு மெதுவாகக் கூடினால் மிச்சமாவது பிடித்திருக்க வேண்டுமே? அதையும் ரிஸர்வ் பாங்கு கணக்குப் பார்த்தது. 2023 செப்டம்பரில் அது வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-23-இல் நம் குடும்பங்கள் கடன் போக, பணமாகவும் டெபாஸிட்டாகவும் இன்ஷூரன்ஸாகவும் சேர்த்தது, தேசிய வருமானத்தில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 5 ரூபாய் 10 காசு. அதற்கு முந்தின வருஷம் 7 ரூபாய் 20 காசு; அதற்கும் முந்தின வருஷம் 11 ரூபாய் 50 காசு. அந்த 11.50 கோவிட் காலத்தில் வெளியே போக வழியில்லாமல் பிடித்த மிச்சம். அதோடு ஒப்பிடுவது முழு நியாயமாகாது. ஆனாலும் 5.10 என்பது சுமார் ஐம்பது வருஷங்களில் காணாத குறைவு. அதே வருஷம் குடும்பங்கள் புதிதாக வாங்கிய கடன் 100-க்கு 5 ரூபாய் 80 காசு.

இந்தச் செய்தி பரபரப்பானதும் மத்திய நிதி அமைச்சகம் ஒரு பதில் சொன்னது. ஜனங்கள் கஷ்டத்தால் கடன் வாங்கவில்லை, வீடும் வண்டியும் வாங்குகிறார்கள். சேமிப்பு காணாமல் போகவில்லை, உருவம் மாறியிருக்கிறது என்பது அதன் வாதம். இதை நான் தள்ளிவிட மாட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் தாம்பரத்துக்கு அப்பால் ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் 2025 ஜூனில் ரிஸர்வ் பாங்கு வெளியிட்ட வேறோர் அறிக்கை, குடும்பங்களின் கடனில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன் என்றும், அதில் பெரும்பகுதி அன்றாடச் செலவுக்கானது என்றும் சொன்னது. செங்கல்லாக மாறிய கடனை நாளைக்குத் தொட்டுப் பார்க்கலாம். செலவாகிவிட்ட கடனுக்கு ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

செங்கல்லாக மாறிய கடனிலும் ஒரு கண் வைக்கத்தான் வேண்டும். 30 லட்ச ரூபாய், 20 வருஷத் தவணை, வட்டி 6.7 சதவிகிதம் என்று ஒரு தம்பதி கடன் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 22,700 ரூபாய். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிஸர்வ் பாங்கு தன் வட்டியை 4-இலிருந்து 6.5-க்கு ஏற்றிற்று. அது அப்படியே இவர்கள் தலையில் இறங்கினால் வட்டி 9.2. அப்போது 30 லட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டுமே 23,000! பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதிலாக வளரும். இப்படி நடப்பதைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கு ஓர் உத்தரவு போட்டது: தவணை குறைந்தபட்சம் வட்டியையாவது அடைக்க வேண்டும், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, வருஷத்தைக் கூட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும். 2025-இல் வட்டி படிப்படியாக இறங்கியது. உங்கள் வீட்டில் அப்படிக் கடன் இருந்தால், இறங்கிய வட்டி உங்களுக்கும் இறங்கியதா என்று பாங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லாக் கடனுக்கும் தானாக இறங்கும் வஸ்து அல்ல அது.

மனசை அளக்கும் கணக்கு

"எல்லாம் சரி, எனக்கு மட்டும்தான் இப்படி வயித்தைக் கலக்குதா?" என்று அக்கா கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதையும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

மனசை அளப்பதா என்று சிரிக்க வேண்டாம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம் அமெரிக்காவில் பல நிபுணர்கள், யுத்தத் தொழிற்சாலைகள் மூடினால் பெரிய மந்தம் வரும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். ஜார்ஜ் கடோனா என்ற மனோதத்துவ நிபுணர் மட்டும் வீட்டுக்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஜனங்கள் செலவு செய்யத் தயாராக இருந்தார்கள், அப்படியே நடந்தது. அவர் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1946-இல் தொடங்கியது இன்றும் மாதாமாதம் வருகிறது.

நம் ரிஸர்வ் பாங்கும் சென்னை உட்பட 19 பெரிய நகரங்களில் சுமார் 6,000 குடும்பங்களை வருஷத்தில் பல முறை விசாரிக்கிறது. நாட்டு நிலைமை, வேலை, விலைவாசி, உங்கள் வருமானம், உங்கள் செலவு - ஒரு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இவையெல்லாம் எப்படி என்று ஐந்து கேள்விகள். பதில்களைக் கூட்டி ஓர் எண் செய்கிறார்கள். 100-க்கு மேல் என்றால் தெம்பு. கீழே என்றால் கலக்கம். 2019-ஆம் வருஷ மத்தியில் அந்த எண் 100-க்குக் கீழே இறங்கியது. கோவிட் இரண்டாம் அலையின்போது 2021 மே மாதத்தில் 48.5 வரை விழுந்தது. பிறகு மெல்ல ஏறி, 2024 மார்ச்சில் 98.5 ஆயிற்று. 8.2 சதவிகித வளர்ச்சி வந்த அதே நிதியாண்டின் கடைசி மாதம் அது. அப்போதும் 100-ஐத் தொடவில்லை. 2025-ஆம் வருஷம் முழுவதிலும் தொடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. செலவு கூடிவிட்டது என்று நீங்கள் சொன்னால், அது இந்தக் கணக்கில் நல்ல அறிகுறியாகச் சேர்கிறது! காஸ் விலையும் ஃபீஸும் ஏறி உங்கள் செலவு கூடினாலும் அப்படித்தான். அந்தத் தெம்பையும் கூட்டிக்கொண்ட பிறகும் எண் 100-க்கு வரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று அதே ஜனங்களைக் கேட்டால், எண் 120-க்குச் சுமாராக எழும்பிவிடுகிறது. இப்போது சரியில்லை, வருகிற வருஷம் சரியாகிவிடும் என்பது பதில். அந்த வருஷம் வந்ததும் மறுபடியும் அதே பதில். அக்காவிடம் சொன்னேன். "பின்னே, நம்பாம எப்படிம்மா பையனைக் காலேஜிலே சேர்க்கிறது?" என்றார்.

விலைவாசி விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. 2025 அக்டோபரில் சர்க்கார் கணக்குப்படி விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவிகிதம். அதற்கு முந்தின மாதம் வீடு வீடாகக் கேட்டபோது, விலைவாசி எவ்வளவு ஏறுவதாகத் தோன்றுகிறது என்பதற்கு ஜனங்கள் சொன்னது 7 சதவிகிதத்துக்கும் மேல். யார் சொல்வது பொய்? இரண்டும் பொய்யில்லை. காய்கறி முந்தின வருஷம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் ஏறுவது நின்றுவிட்டது என்பது வேறு, ஏறினது இறங்கிவிட்டது என்பது வேறு. சர்க்கார் போன வருஷத்தோடு ஒப்பிடுகிறது. நாம் நம் சம்பளத்தோடு ஒப்பிடுகிறோம். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், மருந்து ஆகிய மூன்றும் எந்த வருஷத்தோடு ஒப்பிட்டாலும் மலிவாவதில்லை. தவிரவும், அந்த 0.25-ஐக் கணக்கிட்ட சாமான் கூடை 2011-12-இல் குடும்பங்கள் எப்படிச் செலவழித்தன என்பதைப் பார்த்துக் கட்டியது. அப்போது நம் வீட்டில் இன்டர்நெட் பில் என்று ஒன்று இருந்ததா, சொல்லுங்கள்.

விலை ஏறாமல் பாக்கெட் இளைப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்து ரூபாய் பிஸ்கெட் ஐந்து ரூபாய்தான். உள்ளே இரண்டு பிஸ்கெட் குறைவு. 2024 ஜனவரி முதல் பாக்கெட்டின் மேல் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவல்ல என்பது அப்போதுதான் தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வயிற்றில் புளி கரைத்ததெல்லாம் பலித்துவிடுவதில்லை. 2022 ஜூனில் அமெரிக்காவில் அந்த மிச்சிகன் எண் 50-க்கு விழுந்தது. அதுவரை காணாத மட்டம். அப்போது அங்கே வேலையில்லாதவர்கள் 100-க்கு 4 பேர்கூட இல்லை. பெரிய மந்தம் வரப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். 2023-இல் வரவில்லை. விலைவாசி ஏறிய கோபத்தை ஜனங்கள் வருஷக்கணக்கில் மறக்கவில்லை, அவ்வளவுதான். எனவே நம் வீட்டுக் கலக்கத்தைத் தேசத்துக்கு ஜோசியமாகச் சொல்ல நான் தயாரில்லை. நம் வீட்டு நிலைமையைப் பற்றிய செய்தியாக அதை நம்பலாம்.

அந்தச் செய்தி மேலிடத்துக்கும் எட்டாமல் இல்லை. 2025 ஜனவரியில் பார்லிமெண்டில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கையே, 2023-24-இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவிகிதம் கூடியபோது வேலை 1.5 சதவிகிதம்தான் கூடியது என்று எழுதியது. அடுத்த நாள் பட்ஜெட்டில் 12 லட்ச ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யையும் குறைத்தார்கள். தெம்பாக ஓடுகிற ஆளுக்கு யாரும் குளூக்கோஸ் கொடுப்பதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பாங்குகளின் பக்கமும் ரிஸர்வ் பாங்கு 2023 நவம்பரிலேயே கடிவாளத்தை இழுத்தது. ஜாமீன் இல்லாத சில்லறைக் கடன் கொடுத்தால் பாங்கு தன் முதலில் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது. கிரெடிட் கார்டுகள் 10 கோடியை நெருங்கிய சமயம் அது. பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை வட்டிகூடப் போடும் அட்டை அது, வருஷத்துக்கு 42! வட்டிக்கடைக்காரரைத் திட்டிய நம் பாட்டிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ? செல்போனிலே பங்குச் சந்தைப் பந்தயம் ஆடும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று: வாயிதா வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் மூன்று வருஷத்தில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபியே 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது.

ஒரு ராத்திரிக் கடன்

இனி அக்காவின் சங்கிலிக்கு வருகிறேன். நாலு பவுன். 2024 ஜூனில் சென்னையில் பவுன் சுமார் 53,000 ரூபாய். மதிப்பில் முக்கால் பங்குவரை கடன் கிடைக்கும் என்பது அப்போதைய விதி. அக்கா தேவைக்கு மட்டும், 1,20,000, வாங்கினார். வட்டி 9 சதவிகிதம். ஒரு வருஷம் கழித்து அசலும் வட்டியுமாக 1,30,800.

வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பது நம் பக்கத்து வழக்கம். 2025-இல் பல பாங்குகள் அதற்கு முடியாது என்று சொல்ல ஆரம்பித்தன. முழுத் தொகையையும் கட்டி நகையை மீட்க வேண்டும். வேண்டுமானால் மறுநாள் புதிதாக அடகு வைக்கலாம். பழைய கடனைப் புதிய கடனால் மூடி நல்ல கடன்போலக் காட்டக் கூடாது என்பது காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் 1,30,800 ரூபாயைக் கையில் வைத்திருப்பவர் நகையை ஏன் அடகு வைக்கிறார்?

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, அக்கா நாலு வீடு ஏறி இறங்கினார். என் வீட்டில் 20,000 வாங்கினார். தம்பி வீட்டில் 50,000. மீதியை எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சங்கிலி வீட்டுக்கு வந்தது. ஓராண்டுக்குப் பிறகு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவாமிக்கு விளக்கேற்றினார். மறுநாள் காலை பத்து மணிக்கு அது மறுபடியும் பாங்குக்குப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் என் 20,000 திரும்பி வந்தது. எங்களைப்போல் அக்கம்பக்கம் இல்லாதவர்கள் அந்த ஒரு ராத்திரிக்குக் கந்துவட்டிக்காரரிடம் போயிருப்பார்கள்.

நகைக் கடன் விதிகளைக் கடுமையாக்க அந்த வருஷம் ரிஸர்வ் பாங்கு ஒரு நகல் வெளியிட்டதும், தமிழ்நாட்டிலிருந்துதான் ஆட்சேபம் பலமாகக் கிளம்பியது. முதலமைச்சரே மத்திய நிதி மந்திரிக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6-ஆம் தேதி வந்த இறுதி விதிகள், சிறு கடன்காரருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தன: இரண்டரை லட்சம் வரை, மதிப்பில் 85 சதவிகிதம் கடன் தரலாம். கடனை அடைத்த பிறகு, பாங்கின் தவறால் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. இவை அமலுக்கு வருவது 2026 ஏப்ரல் முதல் தேதி என்று வைத்தார்கள். அதற்குள், பாங்குகள் கொடுத்த நகைக் கடன் 2025 மார்ச்சோடு முடிந்த ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகி 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு, வேறு பெயரில் இருந்த கடன்களை நகைக் கடன் என்று மாற்றி எழுதியது. மீதி, நம்மைப்போன்றவர்களின் கழுத்திலிருந்து போனது.

2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. ஒரு நாள் அக்கா நோட்டும் கையுமாகக் கீழே இறங்கி வந்தார். பாங்கிலிருந்து போன் வந்ததாம். அதே சங்கிலிக்கு இன்னும் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்களாம்.

"சும்மா கிடந்த சங்கிலி ஒன்றரை லட்சம் சம்பாதிச்சிருக்கு. இது வரவா, கடனா? நீலத்திலே எழுதறதா, சிவப்பிலே எழுதறதா? நீ சொல்லு."

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலு பவுன், 3,60,000. முக்கால் பங்கு 2,70,000. அத்தனையும் வாங்கினால் 9 வட்டியில் ஒரு வருஷம் கழித்துக் கட்ட வேண்டியது 2,94,300. இதற்கிடையில் தங்கம் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் சங்கிலியின் விலை 2,88,000. சங்கிலியைக் கொடுத்த பிறகும் 6,300 பாக்கி!

"தங்கம் விழுமா என்ன?" என்றார் அக்கா. 2013 ஏப்ரலைச் சொன்னேன். இரண்டே வியாபார நாளில் உலகச் சந்தையில் சுமார் 13 சதவிகிதம் விழுந்தது. உச்ச விலைக்கு முழுக்கக் கடன் வாங்கியிருந்த பலர் நகையை மீட்க வரவே இல்லை. நகைகள் ஏலத்துக்குப் போயின. அக்காவுக்கு அது ஞாபகம் இருந்தது. அந்த வருஷம் அவர் நாத்தனார் விலை விழுந்ததே என்று சந்தோஷமாகப் போய் வளையல் வாங்கினாராம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கணக்கு சரிதான். ஆனா டிசம்பருக்குள்ளே அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டணுமே. போனஸ் இந்தத் தடவை பாதிதான் வந்தது."

எவ்வளவு வாங்கினால் சங்கிலிக்கு ஆபத்து இல்லை என்று மறுபடியும் கணக்குப் போட்டோம். விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தாலும் தாங்குகிற மட்டம் 2,20,000 என்று வந்தது. சங்கிலி அவ்வளவு தாங்கும். மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கேட்டேன். நோட்டைப் பின்னாலிருந்து புரட்டி, மூன்று மாதத்துக் கறுப்பு வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மூவாயிரம், ஒரு மாதம் நாலாயிரம், அதற்கு மேல் இல்லை.

மறுநாள் பாங்குக்குப் போய் 40,000 மட்டும் கூட வாங்கி வந்தார். ஒன்றரை லட்சம் வேண்டாம் என்றதும் பாங்கில் இருந்த பெண் ஆச்சரியப்பட்டாளாம். மாலையில் படியேறும்போது பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, பிளேடால் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.